இந்தோனேசிய இளைஞர்கள் மரபை எங்கே வைத்திருக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜகார்த்தா மெட்ரோவில், மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் பத்திக் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலில் ஸ்னீக்கர்ஸோடு நிற்கும் பெண்ணின் படம் இணையத்தில் ஏராளம். இந்தோனேசிய இளைஞர்களைப் பற்றிய கட்டுரைகள் பலவும் அந்தப் படத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் உடை கடைசி விஷயம். சம்பளம் எங்கே போகிறது, யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், பண்டிகைக்கு எத்தனை மணி நேரம் நெரிசலில் உட்கார்ந்து ஊருக்குப் போகிறார்கள் என்று பார்த்தால்தான் மரபு எங்கே உயிரோடு இருக்கிறது என்பது பிடிபடும். அந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை.

"இந்தோனேசிய இளைஞர்" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட முடியுமா?

முடியாது. 17,000 தீவுகள், 700க்கும் மேற்பட்ட மொழிகள். ஆச்சேயில் ஷரியா சட்டம் நடக்கிறது, பாலியில் இந்துக் கோயில் இல்லாத தெருவே கிடையாது, புளோரஸ் தீவில் ஞாயிறு காலை மாதா கோயில் நிரம்பி வழியும். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 27 கோடி. அதில் 1997க்கும் 2012க்கும் இடையே பிறந்தவர்கள் மட்டும் சுமார் 28 விழுக்காடு. மக்களில் பாதிக்கு மேல் ஜாவாவில் இருப்பதால் கீழே ஜாவா உதாரணங்கள்தான் அதிகம்.

பத்திக், கெபாயா எல்லாம் நிஜமாகவே உடுத்துகிறார்களா, படம் எடுக்க மட்டும்தானா?

இரண்டும் உண்டு. 2009 அக்டோபர் 2 அன்று யுனெஸ்கோ பத்திக்கைத் தன் பட்டியலில் சேர்த்தது. இப்போது அந்த நாள் தேசிய பத்திக் தினம். வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு பத்திக் சட்டை போடுவது பல இடங்களில் வழக்கம். கல்யாண வீட்டுக்கு ஆண்கள் முழுக்கை பத்திக் போட்டுக்கொண்டு போனால் போதும், கோட்டு தேவையில்லை. பெண்களின் கெபாயா ரவிக்கை 2024 டிசம்பரில் அதே பட்டியலில் ஏறியது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புருனை, தாய்லாந்து ஐந்து நாடுகளும் சேர்ந்து முன்வைத்தது அது. தைக்காத துணியை ஊக்கும் பெல்ட்டும் வைத்து விதவிதமாகக் கட்டக் கற்றுத்தரும் வீடியோக்களுக்குக் குறைவே இல்லை.

விலைதான் சிக்கல். சாந்திங் என்ற சின்னக் குழாய் முனையால் உருகிய மெழுகை இழுத்துக் கையால் வரையும் துணிக்கு மாதக்கணக்கில் ஆகும். கல்லூரி மாணவர் வாங்குவது பெரும்பாலும் இயந்திரத்தில் அச்சடித்தது. மெழுகே தொடாத துணியை பத்திக் என்று கூப்பிடக்கூடாது என்பது ஜாவாவின் பத்திக் ஊர்களான பெக்கலோங்கான், லாசெம் கைவினைஞர்களின் பழைய சண்டை.

பழைய விதிகள் எல்லாம் போய்விட்டன என்றும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோவின் இளைய மகன் திருமண விருந்து சோலோ நகரின் மங்குநெகாரான் அரண்மனையில் நடந்தது. சாய்ந்த கோடுகள் ஓடும் பராங் வகை பத்திக் அணிந்து வர வேண்டாம் என்று விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அது அரச குடும்பத்துக்கு உரிய கோலம். அதே பராங் சந்தையில் சட்டையாகவும் பையாகவும் விற்கிறது, யாரும் கேட்பதில்லை. அரண்மனை வாசல் வரை எது வேண்டுமானாலும் போடலாம், வாசலைத் தாண்டினால் விதி விதிதான்.

ரமலான் பெருநாளுக்கு ஊருக்குப் போவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அது அவ்வளவு பெரியது என்பதால்தான். நகரத்திலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பும் இந்தப் பயணத்துக்கு முடிக் என்று பெயர். 2024இல் 19 கோடிப் பேர் பயணப்படுவார்கள் என்று போக்குவரத்து அமைச்சகம் மதிப்பிட்டது. ரயில் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கைக்குழந்தையை நடுவில் உட்காரவைத்து மோட்டார் சைக்கிளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களும் உண்டு.

இதைத் தாங்கி நிற்பது வெறும் பாசம் இல்லை, பணமும் சட்டமும். ஓராண்டு வேலை பார்த்த ஊழியருக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பண்டிகைப் படியாகக் கொடுத்தாக வேண்டும், அதுவும் பண்டிகைக்கு 7 நாள் முன்னதாக. கொடுக்காத நிறுவனத்துக்கு அபராதம். 2025இல் இந்தப் பேச்சு செயலிவழி மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களிடமும் வந்தது. அவர்கள் சட்டப்படி ஊழியர்கள் இல்லை, 'கூட்டாளிகள்'. ஆனாலும் அவர்களுக்குப் பண்டிகை போனஸ் கொடுக்கும்படி அதிபர் பிரபோவோ கேட்டுக்கொண்டார், நிறுவனங்களும் கொடுத்தன. பலர் கைக்கு வந்தது 50,000 ரூபியாதான் என்று புகாரும் கிளம்பியது. அந்தக் காசில் சுமாரான உணவகத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம்.

படி கைக்கு வந்ததும் அடுத்த வேலை சலவை நோட்டு. உறவுக்காரக் குழந்தைகளுக்குப் புது நோட்டாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மத்திய வங்கியின் தளத்தில் முன்பதிவு செய்து, குறித்த நாளில் போய் மாற்றிக்கொள்கிறார்கள். கைபேசியில் காசு அனுப்புவது நாடு முழுக்கப் பழகிவிட்டது, இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் நோட்டு நோட்டுதான்.

பெருநாள் காலையில் நடப்பது சுங்கெம். அம்மா அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் வயது வரிசையில் ஒவ்வொருவராக மண்டியிட்டு, அவர்கள் கையைப் பிடித்து முழங்காலில் நெற்றியை வைத்து, ஓராண்டில் தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்பார்கள். ஜகார்த்தாவில் 40 பேரை மேய்க்கும் மேலாளராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பலர் அழுதுவிடுவார்கள். அடுத்த அரை மணியில் அத்தைமார் 'எப்போது கல்யாணம்?' என்று ஆரம்பிப்பார்கள், கண்ணீர் அங்கேயே காய்ந்துவிடும். அந்தக் கேள்விக்கு என்னென்ன பதில் சொல்லித் தப்பிக்கலாம் என்ற நகைச்சுவைகள் ஒவ்வோர் ஆண்டும் பெருநாளுக்கு முன்பே சமூக ஊடகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடும்.

சம்பாதிக்கும் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமா?

சட்டம் எதுவும் இல்லை, ஆனால் அனுப்பாமல் இருப்பவர் குறைவு. பெற்றோருக்கு ஒரு பக்கம், தம்பி தங்கையின் படிப்புக்கு ஒரு பக்கம், தன் குழந்தைக்கு ஒரு பக்கம் என்று நடுவில் நசுங்கும் தங்களை 'சாண்ட்விச் தலைமுறை' என்று அவர்களே அழைத்துக்கொள்கிறார்கள். முறைசார்ந்த வேலையில் இல்லாத பெரும்பான்மைப் பெற்றோருக்கு ஓய்வூதியம் கிடையாது, பிள்ளைதான் ஓய்வூதியம். இதை மரபு என்று மெச்சுவதற்கு முன் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

சுலாவெசியின் தொராஜா மலைப்பகுதியில் சுமை இன்னும் கூடுதல். அங்கே இறுதிச் சடங்குக்கு எருமைகள் வெட்ட வேண்டும். உடம்பில் வெள்ளைத் திட்டுகள் உள்ள அரிய எருமை ஒன்றின் விலை கார் விலையைத் தாண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் காசு சேர்த்து முடிக்கும் வரை உடல் பதப்படுத்தப்பட்டு வீட்டிலேயே மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இந்தச் செலவு தேவைதானா என்று தொராஜா இளைஞர்களே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பணமும் அனுப்புகிறார்கள்.

கல்யாணத்துக்கு ஜாதகம் மாதிரி ஏதாவது பார்ப்பார்களா?

ஜாவாவில் பார்க்கிறார்கள், வெத்தோன் என்று பெயர். நம் ஏழு நாள் வாரத்தோடு அங்கே லெகி, பஹிங், போன், வாகே, கிளிவோன் என்ற ஐந்து நாள் சந்தை வாரமும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து 35 நாளுக்கு ஒருமுறை அதே ஜோடி திரும்பி வரும். இந்தோனேசியா விடுதலை அறிவித்த 1945 ஆகஸ்ட் 17 வெள்ளி லெகி. ஒவ்வொரு நாளுக்கும் ஓர் எண் உண்டு. வெள்ளிக்கு 6, லெகிக்கு 5, ஆக மொத்தம் 11. அன்று பிறந்த ஒருவர் சனி லெகியில் பிறந்தவரை விரும்புகிறார் என்று வையுங்கள். சனிக்கு 9, லெகிக்கு 5, அது 14. இரண்டையும் கூட்டினால் 25. பிரிம்போன் என்ற பழைய கணிப்பு நூல் மரபில் 25 வந்தால் சுஜானான், அதாவது மனைவியோ கணவனோ வேலி தாண்டும் வீடு. பாட்டி தலையை ஆட்டிவிடுவார்.

இப்போது பாட்டிக்கு முன்பே கைபேசி சொல்லிவிடுகிறது. பிறந்த தேதியைத் தட்டினால் பொருத்தம் காட்டும் தளங்களும் செயலிகளும் நிறைய. பலர் விளையாட்டாகப் பார்க்கிறார்கள், எண் சரியில்லை என்றால் விளையாட்டு கொஞ்சம் அடங்கிவிடுகிறது. மரபுக்குள்ளேயே தப்பிக்கும் வழியும் உண்டு: எண் கூடி வராத ஜோடிக்குக் கல்யாண நாளை நல்லதாகப் பார்த்து வைப்பது, உறவையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுப் பிரார்த்திப்பது. பிறப்பு வரிசையில் முதல் பிள்ளையும் மூன்றாம் பிள்ளையும் மணக்கக்கூடாது என்பதுபோல இன்னும் சில தடைகள் இருக்கின்றன. உண்மையில் பிடிக்காத வரனைத் தட்டிக்கழிக்கவும் இந்தக் கணக்கு ரொம்ப வசதி, யார் மனமும் புண்படாது.

வடக்கு சுமத்ராவின் படாக் மக்களிடம் மாமன் மகள் முறை உண்டாமே?

உண்டு, தமிழர்களுக்கு உடனே புரியும் இடம் இது. தோபா படாக் மக்களிடம் தாய்மாமன் மகள் ஆணுக்கு உரிமைப் பெண், பாரிபான் என்பார்கள். அதே சமயம் தன் குலத்துக்குள், அதாவது ஒரே மார்காவுக்குள் மணம் கூடாது. இரண்டு படாக் இளைஞர்கள் ஜகார்த்தா காபிக் கடையில் அறிமுகமானால் பெயருக்கு அடுத்து குலத்தைக் கேட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஒரே குலம் என்று தெரிந்தால் காதல் அந்த மேசையிலேயே முடிந்துவிடும்.

வெளியினத்துப் பெண்ணையோ ஆணையோ விரும்பினால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: சடங்கு செய்து ஒரு குலத்தில் தத்து எடுத்துக்கொள்வது. 2017இல் அதிபர் ஜோக்கோ விடோடோவின் மகள் கஹியாங் ஆயு, படாக் வகையில் சேர்க்கப்படும் மண்டாய்லிங் இனத்து போபி நசூத்தியோனை மணந்தார். அதே மாதத்தில், மணமகன் ஊரில் மரபுச் சடங்கு நடத்தும் முன், ஜாவாக்காரரான கஹியாங்குக்கு சிரேகார் குலப்பெயர் சூட்டினார்கள். அது மணமகனின் தாயார் குலம். முறைப்படி பார்த்தால் மாமன் மகளாகவே ஆகிவிட்டார். விதியை உடைக்கவில்லை, மணப்பெண்ணை விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

சுமத்ராவுக்கும் தமிழுக்கும் பழைய தொடர்பு உண்டு. மேற்குக் கரையில் பாருஸ் அருகே ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வடக்கு சுமத்ராவின் கரோ மக்களின் சோலியா, பாண்டியா போன்ற உட்குலப் பெயர்களையும் இதோடு இணைத்துப் பேசுவார்கள். மாமன் மகள் முறை அந்த வழியில் போனது என்று மட்டும் தாவிவிட வேண்டாம். இந்த முறை ஆசியாவில் வேறு பல இனங்களிடமும் இருக்கிறது.

கல்யாணமே வேண்டாம் என்கிறவர்கள் இல்லையா?

கூடி வருகிறார்கள். 2018இல் 20 லட்சத்தை எட்டிய திருமணப் பதிவுகள் 2024இல் 15 லட்சத்துக்குக் கீழே இறங்கின. அதே 2024இல் 'கல்யாணம் பயமாக இருக்கிறது' என்ற தலைப்பில் டிக்டாக் வீடியோக்கள் குவிந்தன. வேலையும் பார்த்து, சமையலும் பார்த்து, மாமியாரையும் பார்க்கச் சொல்லும் வாழ்க்கைக்குப் பெண்கள் தயங்குவதுதான் பெரும்பாலான வீடியோக்களின் சாரம். 2019இல் பெண்ணின் திருமண வயது 16லிருந்து 19 ஆக உயர்த்தப்பட்டது.

வேறு மதத்தவரைக் காதலித்தவர்களுக்குத்தான் கதவு குறுகிக்கொண்டே போகிறது. 1974 சட்டப்படி மத முறைப்படி நடந்த மணமே செல்லும். முன்பு சில நீதிமன்றங்கள் கலப்பு மணத்தைப் பதிய அனுமதித்தன. 2023இல் அப்படி அனுமதிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. வசதி உள்ளவர் சிங்கப்பூர் போய்ப் பதிகிறார், இல்லாதவர்களில் ஒருவர் தாளில் மதம் மாறுகிறார். மரபையும் புதுமையையும் இனிமையாகக் கலக்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

இளைஞர்கள் மதப்பற்று குறைந்தவர்களா, கூடியவர்களா?

தலையை மூடினால் பழமை, திறந்தால் புதுமை என்ற அளவுகோல் அங்கே செல்லாது. மேற்கு ஜாவாவின் காருட் பகுதியில் 2014இல் ஹிஜாப் அணிந்த மூன்று பள்ளி மாணவிகள் மெட்டல் இசைக்குழு தொடங்கினார்கள், பெயர் வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோத். தொடக்கத்தில் ஊரில் கடும் எதிர்ப்பு, மிரட்டலும் வந்தது. 2024இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் அதே ஹிஜாபோடு கிதாரைக் கிழித்தார்கள். இன்னொரு பக்கம் ஜீன்ஸ் போட்ட இளம் உபதேசிகளின் பேச்சைக் கேட்கப் பள்ளிவாசலில் இடமில்லாமல் கூட்டம் நிற்கிறது.

2024 ரமலானில் வேறொரு வேடிக்கை. நோன்பு திறக்க மாலையில் தெருவோரம் விற்கும் பலகாரங்களை, நோன்பே இல்லாத கிறிஸ்தவ, இந்து, பௌத்த இளைஞர்கள் மூன்று மணிக்கே வந்து வாரிக்கொண்டு போக, முஸ்லிம்கள் ஐந்து மணிக்கு வந்து வெறும் தட்டைப் பார்த்தார்கள். 'பலகாரப் போர்' என்று பெயர் வைத்து இரு தரப்பும் ஒரு மாதம் கிண்டல் வீடியோ போட்டுத் தள்ளினார்கள்.

கூடி உழைக்கும் பழக்கம் நகரத்தில் மிஞ்சியிருக்கிறதா?

கோத்தோங் ரோயோங் எனப்படும் கூட்டு உழைப்பு மேடைப் பேச்சில் தேய்ந்துபோன சொல். தெருவில் இன்னும் இருக்கிறது, உருவம்தான் வேறு. ஜாவா கிராமங்களில் வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் வீட்டுக்காரர் ஒரு பிடி அரிசியோ 500 ரூபியா நாணயமோ போட்டு வைப்பார், இரவு ரோந்து போகும் இளைஞர்கள் அதை எடுத்துச் சேர்ப்பார்கள். ஜிம்பித்தான் என்ற இந்தச் சேமிப்பில்தான் தெருவிளக்கும் வாடகைப் பந்தலும் வரும். சில ஊர்களில் இப்போது வாசலில் கியூஆர் ஸ்டிக்கர். ரோந்துக்காரர் அதை ஸ்கேன் செய்து எந்த வீடு கொடுத்தது என்று பதிகிறார். தூங்கி வழிந்து நாலு வீட்டை விட்டுவிட்டால் மாட்டிக்கொள்வார்.

அரிசான் என்ற குலுக்கல் சீட்டும் வாட்ஸ்அப்புக்கு மாறிவிட்டது. முகம் தெரியாதவர்களோடு போடும் இணையச் சீட்டில் ஏமாந்தவர்கள் கதை அடிக்கடி செய்தியில் வருகிறது. பழைய சீட்டில் ஓடிப்போனவரின் அம்மாவை மறுநாள் சந்தையில் பார்க்கலாம், அதுதான் காப்பீடு. கியூஆரிலும் ஏமாற்று உண்டு: 2023இல் ஜகார்த்தாவில் ஓர் ஆள் பள்ளிவாசல் உண்டியல்களில் தன் சொந்த கியூஆர் ஸ்டிக்கரை ஒட்டிக் காணிக்கையைத் திருப்பிக்கொண்டு மாட்டினார்.

பாலியில் இணையத்தையே அணைத்துவிடுகிறார்களாமே?

ஆமாம். சக ஆண்டுப் பிறப்பான நியெபி அன்று காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை விளக்கு, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கூடாது. விமான நிலையம் மூடிக்கிடக்கும். 2018லிருந்து கைபேசி இணையமும் நிறுத்தப்படுகிறது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வேட்டியில் பெச்சாலாங் என்ற ஊர்க்காவலர்கள் தெருவைச் சுற்றுவார்கள். சுற்றுலாப் பயணியும் விடுதிக்குள்தான்.

முந்தின மாலை இதற்கு நேரெதிர். ஊர்ப் பிரிவான ஒவ்வொரு பஞ்சாரிலும் இளைஞர் மன்றம் ஒன்று உண்டு. அவர்கள் ஒன்றிரண்டு மாதமாக இரவிரவாகக் கட்டிய ஓகோ-ஓகோ என்ற பூத உருவங்களைத் தோளில் சுமந்து, நாற்சந்தியில் சுழற்றி, சத்தத்தோடு ஊர்வலம் விடுவார்கள். இந்த ஊர்வலம் பழங்காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய வடிவத்தில் பரவியது 1980களில்தான். ஒரு கட்டத்தில் தெர்மாகோல் புகுந்தது. பிறகு டென்பசார் நகரம் அதைத் தடுக்க, இளைஞர்கள் மூங்கில் பின்னலுக்குத் திரும்பினார்கள். அதோடு நிற்காமல் மோட்டார் வைத்துக் கையையும் கண்ணையும் அசைக்கவும் கற்றுக்கொண்டார்கள். நான் பார்த்தவரை மூங்கிலை மெல்லியதாகச் சீவிப் பின்னிய உருவங்களுக்குத்தான் அழகு அதிகம்.

பஞ்சார் வேலைக்கு வராதவருக்கு அபராதம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஓட்டல் ஷிஃப்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு சடங்குக்கும் விடுப்பு கிடைக்காது. பாலி இளைஞரின் நிஜமான தலைவலி அது.

தாய்மொழி நிலைக்குமா?

ஜாவா மொழியில் பெரியவரிடம் பேச ஒரு சொற்தொகுதி, நண்பனிடம் பேச இன்னொன்று. பெரியவரிடம் தவறான படியில் பேசி அவமரியாதை ஆகிவிடுமோ என்று பயந்து இளைஞர்கள் இந்தோனேசிய மொழிக்கே தாவிவிடுகிறார்கள். மரியாதையே மொழியை வீட்டைவிட்டு விரட்டுகிறது. சுங்கெம் அன்று சொல்ல வேண்டிய நாலு வரியை மட்டும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் உண்டு.

பாட்டில் கதை வேறு. ஜாவா மொழியில் பிரிவுத் துயரம் பாடிய டிடி கெம்போட் 50 வயதைத் தாண்டியபின் 2019இல் இளைஞர்களின் நாயகனானார். காதலில் தோற்ற பையன்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக வந்து அழுதுகொண்டே கூடப் பாடினார்கள். 2020 மே 5 அன்று இறந்தார். யோக்யகார்த்தாவின் கி செனோ நுக்ரோஹோ தோல்பாவைக் கூத்தை யூடியூபில் நேரலையாக்கி, மகாபாரதக் கதைக்கு நடுவே கோமாளி பாகோங்கை வைத்து அன்றைய அரசியலைக் கிண்டலடித்து இளம் ரசிகர்களைச் சேர்த்தார். அவரும் அதே ஆண்டு நவம்பரில் 48 வயதில் போய்விட்டார்.

வீட்டில் சண்டை வருவதில்லையா?

வரும், சத்தம் குறைவு. முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது ஜாவா வீடுகளில் பெரிய குற்றம். 'சரி அம்மா' என்று சொல்லிவிட்டு, நாளைக் கடத்தி, தன் விருப்பப்படியே செய்வதுதான் வழி. அம்மாவுக்கும் அது தெரியும். கூட ஆள் சேரும் கடமைகளை, அதாவது பண்டிகை, ஊர்வலம், விருந்து எல்லாவற்றையும் இளைஞர்கள் விடுவதில்லை. மேல் கீழ் என்று அளக்கும் கடமைகள் சத்தமில்லாமல் கழன்றுகொள்கின்றன. மறுக்கத் தெரியாத குணத்துக்கு விலையும் உண்டு. உறவினர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாமல் கைபேசிச் செயலியில் கடன் வாங்கிக் கொடுத்து, வட்டியில் முழுகியவர்கள் ஏராளம்.

அங்கே வேலைக்குப் போகிறேன், எப்படிப் பழகுவது?

பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன் ஜாவாவில் ஆணுக்கு மாஸ், பெண்ணுக்கு ம்பாக் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமத்ராவில் பாங், காக். வயதானவருக்கு பாக், இபு. எதையும் வலது கையால் கொடுங்கள், வாங்குங்கள். உடன் வேலை செய்பவரின் வீட்டுக்குப் போனால் அவர் பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள், கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். 'கல்யாணம் ஆகிவிட்டதா?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்கள். ஆகவில்லை என்றால் 'பெலும்' என்று சொல்லுங்கள், 'இன்னும் இல்லை' என்று பொருள். வெறும் இல்லை என்று நிறுத்தினால் ஏன் என்று அரை மணி நேரம் விளக்க வேண்டி வரும். வடக்கு சுமத்ராவின் மேடான் நகரப் பக்கம் போனால் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் கம்போங் மெட்ராஸ் பகுதியில் இருக்கிறது.